கரண்டு போனால் கத்துகிற பெட்டி

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு ஆசையோடு போவார்கள். செங்கல்வராயன் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போனார். அதுகூட திருப்பதிக்குக் கிளம்பும்போது மகள் யமுனா, நகரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கையில் திணித்தது. "புடிச்சிக்க நைனா" என்றாள், பிடித்துக்கொண்டார். புத்தூர் தாண்டியும் மூடியைத் திறக்கவில்லை, வடமாலபேட்டை தாண்டியும் திறக்கவில்லை. தாகம் எடுத்தால்தானே திறப்பதற்கு. மனைவி கமலம்மா போன பிறகு பசி, தாகம், கோபம், வெட்கம் எல்லாம் அவருக்கு ஒன்றாகிவிட்டன. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், எழுந்திரு என்றால் எழுந்திருப்பார், பஸ் ஏறு என்றால் ஏறுவார்.

ஊரில் இதைத் துக்கம் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா ஒருபடி மேலே போய், "அந்தாளு மனசு கல்லாப் பூடுச்சி" என்று தெருக்குழாயில் வைத்தே சொன்னாள். இரண்டும் தப்பு. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அதன் பிறகு கன்னம் இருக்கிறதா இல்லையா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வோமே, அப்படித்தான் இருந்தது அவருக்கு. வலி இல்லை. வலி இல்லாதது நல்லதுதான் என்றும் தோன்றவில்லை.

அவர் வீட்டுக்குப் பின்னால் தறிக் கொட்டகை. நாலு பவர்லூம். நாலும் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் தறி வீட்டில் வாழ்கிறவர்கள் கையாலும் உதட்டாலும் பேசப் பழகிவிடுவார்கள். தூரத்திலிருந்து கூப்பிடுவதற்கும் ஒரு வழி இருந்தது. கொட்டகையில் எரிகிற டியூப் லைட்டுக்கு ஸ்விட்சைச் சமையலறைக் கதவோரம் வைத்திருந்தார்கள். லைட் ஒரு தடவை போய் வந்தால், சாப்பிட வா. இரண்டு தடவை போய் வந்தால், யாரோ வந்திருக்கிறார்கள். கமலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டால் கணக்கே கிடையாது. கல்யாணப் பந்தல் சீரியல் பல்பு மாதிரி போட்டுப் போட்டு அணைப்பாள்.

நல்ல ஏற்பாடுதான், ஒரு கோளாறைத் தவிர. தறிக்குத் தனி லைன், வீட்டுக்குத் தனி லைன். டியூப் லைட் வீட்டு லைனில் இருந்தது. வீட்டு லைனில் கரண்டு அடிக்கடி கண் சிமிட்டும். தறி பாட்டுக்கு ஓடும், லைட் மட்டும் போய் வரும். செங்கல்வராயன் தறியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போவார். "நான் எங்கயா கூப்ட்டேன்? கரண்டுய்யா அது" என்று கமலம்மா சிரிப்பாள். வருஷக்கணக்கில் இப்படி ஏமாந்து ஏமாந்து கடைசியில் அவர் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். சாப்பாட்டு வேளையில் லைட் போனால் கமலம்மா. மற்ற வேளையில் போனால் கரண்டு. அதற்குப் பிறகு அவர் ஏமாறவே இல்லை.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து தறியருகே நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. லைட் ஒரு தடவை போய் வந்தது. இப்போதுதானே துன்னுட்டு வந்தோம், கரண்டு என்று நினைத்துக்கொண்டார். அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த கை நிற்கக்கூட இல்லை. சாயங்காலம் டீக்கு உள்ளே போனபோது கமலம்மா சமையலறைக் கதவோரம் விழுந்து கிடந்தாள். தலை கொட்டகைப் பக்கம் இருந்தது. ஸ்விட்ச் அதே சுவரில், அவள் தலைக்கு நேர் மேலே. ஸ்விட்சைத் தட்டிவிட்டு விழுந்தாளோ, அவரைத் தேடி வரும்போது விழுந்தாளோ, பார்த்தவர் யாருமில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார்.

கரண்டா, கமலம்மாவா? கரண்டு என்றால் அவர்மேல் தப்பில்லை. கமலம்மா என்றால், அவள் கூப்பிட்டாள், அவர் போகவில்லை. இது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பொன்னியம்மாவிடம் போய், "அன்னிக்கி மத்தியானம் கரண்டு போச்சா?" என்று கேட்டார். "தெனமுந்தான் போவுது, எந்தக் கரண்டத்தான் நெனப்பு வெச்சிக்கிறது?" என்றாள் அவள். அதற்குமேல் யாரிடமும் அவர் கேட்கவில்லை.

நாலு தறிகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். தறி போனதில் அவருக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. வெறும் கொட்டகையில் நாற்காலி போட்டு டியூப் லைட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். லைட் போய் வரும். எழுந்து சமையலறைக்குப் போவார். எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து உட்காருவார்.

திருப்பதியில் ஒரு டிசைன் ஆபீசில் வேலை செய்துகொண்டிருந்த யமுனா வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், இதைச் சில தடவை பார்த்தாள். "இன்னா நைனா தேட்ற?" என்று கேட்டாள். "ஒண்ணுல்ல" என்றார். அவளும் விட்டுவிட்டாள். ஒன்று மட்டும் அவர் கவனித்தார். சாப்பிடக் கூப்பிட அவள் ஸ்விட்சைத் தொடுவதில்லை. கொட்டகை வாசல்வரை நடந்து வந்து, "நைனா, துன்ன வா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

யமுனாவுக்கு இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் கட்டாத வீடுகளின் உள்பக்கத்தைக் கட்டி முடித்ததுபோலவே கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது. சோபா எங்கே, திரைச்சீலை என்ன நிறம், காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் வந்து விழும், எல்லாம் வரைவாள். சென்னைக்கு வந்து செய்யலாம், அல்லது சொந்தமாக நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று யமுனா சொல்லவில்லை. "பார்ட்ஸ் வாங்கி நாமளே சேத்தா ரெடிமேடவிட நல்லா இருக்கும் நைனா" என்றாள். "வாங்கு" என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஹரிபாபுவின் கடை. யமுனா முன்பு வேலை செய்த ஆபீசுக்கு மிஷின் எல்லாம் அங்கேதான் வாங்குவார்கள். வாசலில் மொட்டையடித்த குடும்பம் ஒன்று தலை நிறைய சந்தனத்தோடு போன் சார்ஜருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. உள்ளே சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஹரிபாபு வட்ட முகம், வாய் ஓயாத ஆள். போனில் தெலுங்கு, வாசலில் இந்தி, யமுனாவைக் கண்டதும் தமிழ். "ரா ரா யமுனா. அம்மா விஷயம் கேள்விப்பட்டேன்மா" என்றவர், அதற்குமேல் அதைப் பேசாமல் செங்கல்வராயனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மட்டில் நல்ல மனிதர்தான்.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள், பெண் பார்க்கிற படலம் தோற்றது. இந்தப் பிராசஸர் வேகமானது, ஆனால் அதற்கு வேறு மதர்போர்டு வேண்டும். அந்த மதர்போர்டு நல்லது, ஆனால் அதற்குப் பழைய ரேம் பொருந்தாது. புது ரேமோ இன்றைக்கு யானை விலை. "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா அள்ளிக்கினு போயிருக்கலாம்மா. இப்ப நானே தொட பயப்பட்றேன்" என்று ஹரிபாபு ரேம் பெட்டியைக் கண்ணாடிக்குள் திருப்பி வைத்தார். யமுனா விடவில்லை. பல நாள் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தேறியவள். பிராசஸரில் ஒரு படி இறங்கினாள், ரேமில் இறங்கவில்லை. எஸ்எஸ்டி பெரியது கேட்டாள். கண்ணாடிச் சுவரும் கலர் லைட்டும் வைத்த கேபினெட்டை ஹரிபாபு ஆசையாகக் காட்டியபோது, "காத்து எங்க பூந்து வரும் இதுல?" என்று கேட்டு வலைமுகம் வைத்த சாதாரணப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

செங்கல்வராயன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இவ்வளவு பேசுவாள் என்பதே அவருக்குப் புதிது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர சந்தோஷம் வரவில்லை. ஹரிபாபு அவ்வப்போது, "என்ன அண்ணா, சரிதானே?" என்று கேட்டார். அவர் தலையாட்டினார். இரண்டு விதமான பவர் சப்ளையைக் காட்டி எது வேண்டும் என்றபோதும் தலையாட்டினார். ஹரிபாபு யமுனா பக்கம் குனிந்து, "நான்னகாரு பேச மாட்டாரா?" என்று கேட்டார். "பேசுவாரு" என்றாள் யமுனா, தலை நிமிராமல்.

கடைசியில் கிராபிக்ஸ் கார்டு வந்தது. இதற்குத்தான் யமுனா இவ்வளவு நேரம் மற்றதிலெல்லாம் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எட்டு ஜிபி ஒன்று, பதினாறு ஜிபி ஒன்று. எட்டே போதும் என்றுதான் கம்பெனி சொல்லியிருந்தது. ஆனால் எட்டில் வரைந்த படம் திரையில் முழுசாக வெந்து வர மத்தியானம் ஆகும், பதினாறில் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு யோசிக்க வேண்டாம். யமுனா பெரிய கார்டை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தாள். செங்கல் அளவு இருந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அம்மா போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"இதே இருக்கட்டும் அண்ணா" என்றாள் ஹரிபாபுவிடம்.

"சரிம்மா. அப்ப யூபிஎஸ்? இந்தக் கார்டுக்குச் சின்னது தாங்காது, பெருசாத்தான் போகணும்."

"யூபிஎஸ் அப்பால பாத்துக்கலாம். இப்பக் கார்டுக்கே காசெல்லாம் சரியாப் பூடும்."

"நகரியில கரண்டு ஒழுங்கா இருக்கா?"

"எங்க இருக்குது? கண்ணு சிமிட்டிக்கினே கெடக்கும். அடிக்கடி சேவ் பண்ணிக்கிறேன்."

"இன்னாத்துக்கு அது?" என்று ஒரு குரல் கேட்டது. ஹரிபாபு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், வேறு ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்து. பேசியது செங்கல்வராயன்.

"எது அண்ணா?"

"யூபிஎஸ்ஸு. கரண்டு போனா அது இன்னா பண்ணும்?"

ஹரிபாபுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தால் யாருக்குத்தான் வராது? கறுப்புப் பெட்டி ஒன்றை இழுத்து மேஜைமேல் வைத்தார். "இதுக்குள்ள பேட்டரி அண்ணா. கரண்டு போச்சுன்னா அந்த நிமிஷமே பேட்டரிக்கு மாறிடும். கம்ப்யூட்டர் அணையாது. கரண்டு போயிருச்சுன்னு பீப் பீப்புன்னு கத்தும். நாம வேலையை மூடிடலாம்."

"சும்மா போயி ஒடனே வந்துச்சின்னா?"

"அதுக்கும் கத்தும். ஒரு தடவையாவது கத்திடும்."

செங்கல்வராயன் பாட்டிலைக் கீழே வைத்தார். "லைட்டு மட்டும் போயி வருது. இது கத்தல. அப்ப?"

"அப்ப கரண்டு போகலண்ணா. யாரோ லைட் ஸ்விட்சை ஆஃப் பண்ணிப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

ஹரிபாபுவுக்கு இது இரண்டாம் கிளாஸ் கேள்வி. சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுக்கத் திரும்பிவிட்டார். செங்கல்வராயன் அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்தபடி இருந்தார். இப்படி ஒன்று உலகத்தில் விற்கிறது. சார்ஜர் விற்கிற கடையில், அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறது. அன்றைக்கு இது ஒன்று வீட்டில் இருந்திருந்தால், கத்தியிருந்தாலும் தெரிந்திருக்கும், கத்தாவிட்டாலும் தெரிந்திருக்கும். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"யூபிஎஸ் வேணும்" என்றார்.

"நைனா, அதான் அப்பால வாங்கிக்கலாம்னு" என்று எரிச்சலோடு திரும்பிய யமுனா பாதியில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து எழுந்து போய் எழுந்து போய் நைனா என்ன தேடினார் என்பது அவளுக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவள் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பயந்தார். கேட்கவில்லை.

கையிலிருந்த பெரிய கார்டை அவள் கண்ணாடி மேஜைமேல் மெதுவாக வைத்து ஹரிபாபு பக்கம் தள்ளினாள். "எட்டு ஜிபி குடுங்கண்ணா. யூபிஎஸ் ஒண்ணு எடுங்க."

"யோசிச்சுக்கோம்மா. யூபிஎஸ் எப்ப வேணா வாங்கலாம். கார்டு மாத்தறது கஷ்டம்."

"எட்டுல வேலை ஆவும். அந்தப் பெட்டிய எடுங்க."

ஹரிபாபு பெட்டியைப் பிளக்கில் மாட்டிப் போட்டுக் காட்டினார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். அவரும் யமுனாவும் செங்கல்வராயனைப் பார்த்தார்கள். செங்கல்வராயன் பெட்டியைப் பார்த்தார்.

"கத்துச்சா?" என்று கேட்டார்.

ஆயுசெல்லாம் தறிச் சத்தம் தின்ற காது. மெலிசான சத்தம் எதுவும் அதில் ஏறாது. ஹரிபாபு வேறொன்றைக் கொண்டுவந்தார். அதன் பக்கத்தில் அவர் காதை வைத்துக் கேட்டார், கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்டது. "இது பத்தாது" என்றார். ஹரிபாபு தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்த் தூசி தட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். "அண்ணா, வர்றவங்க எல்லாம் சத்தமில்லாத மாடல் கேப்பாங்க. இதை ரெண்டு பேரு தூங்க முடியலன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நான் செப்பறதைச் செப்பிட்டேன்." பிளக்கைப் பிடுங்கினார். டொக் என்று உள்ளே ஏதோ விழுந்த மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் தொண்டை கட்டிய சேவல் மாதிரி ஒரு கத்தல். வாசலில் சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்த மொட்டைத் தலைகள் எல்லாம் திரும்பின.

"இதான்" என்றார் செங்கல்வராயன்.

திரும்பி வரும்போது மற்ற பெட்டிகளெல்லாம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஏறின. யூபிஎஸ்ஸை மட்டும் அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். பேட்டரி கனம், தொடை மரத்துப்போயிற்று. "கீழ வை நைனா" என்று யமுனா ஒரு தடவை சொன்னாள். அவர் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசி விழுந்த மாதிரி. அதை அவர் பார்த்தார்.

மறுநாள் யமுனா கொட்டகையிலேயே மேஜை போட்டுக் கம்ப்யூட்டரைச் சேர்த்தாள். கொட்டகைதான் பெரிசு, காற்று வரும், டியூப் லைட் இருக்கிறது, அதே வீட்டு லைனில் பிளக்கும் இருக்கிறது. பெஞ்சுமேல் மதர்போர்டை வைத்து, பிராசஸரை மூச்சுப் பிடித்து இறக்கி, ரேமைக் கட்டைவிரலால் அழுத்தி, திருகு திருகாக முடுக்கினாள். செங்கல்வராயன் சமையலறையிலிருந்து மஞ்சள், குங்குமம் கிண்ணத்தைக் கொண்டுவந்து நின்றார். புது மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் ஓட்டுகிற வழக்கம் நகரித் தறிக்காரன் யாருக்கும் கிடையாது. அவர் மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு நேராக மதர்போர்டுமேல் குனிந்ததும் யமுனா அலறிவிட்டாள்.

"ஐயோ நைனா! அதும்மேல வெச்சா அவ்ளோதான், செத்துப்பூடும்!"

"அப்ப எங்க வெக்கிறது?"

"வேற எங்கனா வை."

அவர் யோசித்துவிட்டு யூபிஎஸ்ஸுக்கு வைத்தார். நடுவில் மஞ்சள், அதன்மேல் குங்குமம். பெட்டிக்கு அழகாகத்தான் இருந்தது.

அதன் பிறகு தினமும் இது ஒரு வேலையாகிவிட்டது. யமுனா திரையில் யாருடைய வீட்டுக்கோ சோபா போடுவாள். அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். லைட் போய் வரும். டொக் என்று விழும், சேவல் ஒரு தடவை கத்தும். "கரண்டு" என்பார் செங்கல்வராயன். எழுந்து போக மாட்டார். யமுனா திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வாள். ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும், "கரண்டு" என்று சொல்வார். வேறு பேச்சு இல்லை. பொன்னியம்மா வந்தவள் இதைப் பார்த்துவிட்டு, மிஷின் வாங்கியும் மனுஷன் தேறவில்லை என்று தெருவில் போய்ச் சொன்னாள். இந்தத் தடவை அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அவர் தேறவில்லை. கத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், அன்றைக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். நம்பினாரா என்றால் இல்லை. நம்பாமலும் இல்லை.

ஒரு நாள் யமுனா ஒரு படத்தை வேகப்போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். திரையில் யாரோ ஒருவர் கட்டப்போகிற வீட்டின் சமையலறை துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. எட்டு ஜிபி கார்டு, மெதுவாகத்தான் வரும். முதலில் ஜன்னல் வந்தது, பிறகு அடுப்பு மேடை. செங்கல்வராயன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியாகிவிட்டது, இப்போது என்ன தாளிக்கிறாள் என்று நினைத்தார்.

லைட் போய் வந்தது.

வாய் தானாக, "கர" என்று தொடங்கிவிட்டது. பாதியில் நின்றது. டொக் விழவில்லை. யூபிஎஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். பொட்டு வைத்த பெட்டி பச்சை விளக்கோடு சும்மா இருந்தது. கத்தும் என்று காத்தார். கத்தவில்லை. காது கேட்காமல் போயிற்றோ என்று குனிந்து பெட்டியில் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. சாப்பாட்டு வேளையும் இல்லை.

எப்படி எழுந்தார் என்று அவருக்குத் தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்தது. கொட்டகை வாசற்படியில் கால் தடுக்கியது, ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவு தூரம்தான், தினமும் போய் வந்த தூரம்தான், இருந்தாலும் ஓடினார். அந்த வயதில் அந்த உடம்பு ஓடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

சமையலறைக் கதவோரம் யமுனா நின்றிருந்தாள். ஒரு கை ஸ்விட்ச்மேல் இருந்தது. இன்னொரு கையில் தட்டு, தட்டில் சுடச்சுட உப்புமா. அவள் கண் சிவந்திருந்தது.

"கூப்ட்டியா?" என்றார். மூச்சு வாங்கியது.

"கூப்ட்டேன் நைனா."

"நீதான? கரண்டு இல்லியே?"

"நான்தான்."

செங்கல்வராயன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் கை வைத்திருந்த ஸ்விட்சைப் பார்த்தார். கீழே, கமலம்மா கிடந்த இடத்தைப் பார்த்தார். "அன்னிக்கும் இப்பிடித்தாம்மா" என்றார். "ஒரே ஒரு தபா. ஒரு தபாதான் போயி வந்துச்சி. நான் வரல."

"தெரியும் நைனா. கடையிலயே தெரிஞ்சிச்சி."

"அவதான் கூப்ட்டாளா?"

யமுனா கரண்டு என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. "தெரியலியே நைனா" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, "இப்ப வந்துட்ட இல்ல" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பல் ஊசியின் மரப்பு இறங்கியது. ஒரேயடியாக இறங்கியது. இத்தனை மாதமும் வராமல் எங்கேயோ நின்றிருந்த வலி எல்லாம் கூட்டமாக உள்ளே வந்தது. அவர் ஸ்விட்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். கமலா, கமலா என்று வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டில் பொன்னியம்மா குழாயை மூடிவிட்டு நின்று கேட்கிற அளவுக்கு அழுதார். யமுனா தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொட்டகையில் கம்ப்யூட்டர் இன்னும் அந்தச் சமையலறையை வரைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு தட்டை இழுத்தார். உப்புமா ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு மகளைப் பார்த்தார்.

"உப்பே போடலியா நீ?" என்றார்.